டெஸ்க்டாப்பில் அடிக்கடி புளூ ஸ்கிரீன் வந்தால்: கேள்வி பதில்

வீட்டிலோ சிறு அலுவலகத்திலோ விண்டோஸ் 10, 11 ஓடும் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எப்போதோ ஒருமுறை வந்து போன புளூ ஸ்கிரீனுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. நாளுக்கு ஒருமுறை, வாரத்துக்கு இரண்டு முறை என்று திரும்பத் திரும்ப வருவதைத்தான் பார்க்க வேண்டும். என்னிடம் வந்து கேட்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒருமுறை ஃபார்மேட் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்த வழக்கம் மாற வேண்டும் என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

புளூ ஸ்கிரீன் வரும்போது உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு சாதாரண மென்பொருள் தப்புச் செய்தால் விண்டோஸ் அதை மட்டும் மூடிவிட்டு மற்றதை ஓடவிடும். ஆனால் கெர்னல் என்ற மையப் பகுதியிலும், அதோடு சேர்ந்து ஓடும் டிரைவர்களிலும் (பெரும்பாலும் பாகங்களை இயக்க உதவும் மென்பொருள்) தப்பு நடந்தால், இனி மெமரியில் இருக்கும் எதையும் நம்ப முடியாது. அந்த நிலையில் தொடர்ந்து ஓடினால் கெட்டுப்போன தகவல் டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும் அபாயம் உண்டு. அதனால் விண்டோஸ் தானாகவே நின்றுவிடுகிறது. நிற்பதற்கு முன் மெமரியில் இருந்ததை டம்ப் என்ற ஒரு ஃபைலாகச் சேமிக்கப் பார்க்கிறது. திரையில் ஓடும் சதவீதம் அதற்கானதுதான்.

கெர்னலில் ஓடும் ஒரே ஒரு டிரைவர் என்ன செய்யும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்குப்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தடுமாறின. அந்தக் கணினிகளில் ரேமோ எஸ்எஸ்டியோ பழுதாகியிருக்கவில்லை. இந்த இரண்டு சாத்தியங்களையும் எப்போதும் மனதில் வைத்திருங்கள்: டிரைவர் காரணமாக இருக்கலாம், வன்பொருளும் காரணமாக இருக்கலாம்.

என் சிஸ்டத்தில் நீலமாக வரவில்லை, கறுப்பாக வருகிறதே?

அதுவும் இதேதான். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் 2025 முதல் இந்தத் திரையைக் கறுப்பாக்கிவிட்டார்கள். சோக முகமும் கியூஆர் கோடும் போய்விட்டன. நமக்கு வேண்டிய ஸ்டாப் கோடு, அதாவது கோளாறின் பெயர், இன்னும் இருக்கிறது.

திரை வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கையில் இருக்கும் போனில் ஒரு படம் எடுங்கள். பெரிய எழுத்தில் ஒரு ஸ்டாப் கோடு இருக்கும். சில சமயம் அதன் கீழே 'வாட் ஃபெய்ல்டு' என்று போட்டு ஒரு ஃபைல் பெயரும் இருக்கும். இரண்டும் படத்தில் தெளிவாக விழ வேண்டும். சதவீதம் 100 ஆகும்வரை பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். பாதியில் அணைத்தால் டம்ப் ஃபைல் எழுதப்படாமல் போய்விடும்.

படம் எடுப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறதா? ஸ்டார்ட் மெனுவில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறங்கள். 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' பகுதிக்குள் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் 'ஸ்மால் மெமரி டம்ப்' என்பதையும் தேர்ந்தெடுத்து வையுங்கள்.

கடையில் "ஃபார்மேட் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார்கள். போடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஃபார்மேட் போட்டால் சரியாகும் கோளாறுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. போட்டுவிட்டால் முதலில் அழிவது அதுவரை சேர்ந்திருந்த தடயங்கள்தான். காரணம் ரேமாக இருந்தால் இன்னொரு சங்கடமும் இருக்கிறது: புதிதாகப் போடும் விண்டோஸ் ஃபைல்கள் அத்தனையும் அந்தப் பழுதான ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகும். புது விண்டோஸே கெட்டுப்போய்த்தான் உட்காரும்.

என் அத்தை மகன் திருமண ஆல்பம் வடிவமைப்பவர். நாள் முழுக்க ஃபோட்டோஷாப்பில் இருப்பார். முகூர்த்த மாதத்தில் அவருடைய சிஸ்டம் விழ ஆரம்பித்தது. சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் ஃபார்மேட் போட்டுக் கொடுத்தார்கள். ஃபான்ட்டுகள், பிரஷ்கள், வருடக்கணக்கில் சேர்த்த செட்டிங்ஸ் எல்லாம் போயின. சில நாளில் அதே திரை மறுபடியும் வந்தது. ஒவ்வொரு முறை விழும்போதும் விண்டோஸ் சேமித்த மினிடம்ப் (சிறிய டம்ப்) ஃபைல்களை வரிசையாகப் பார்த்தபோது ஒவ்வொன்றிலும் வேறு வேறு கோடு, வேறு வேறு டிரைவர் பெயர். ஒருமுறை கிராஃபிக்ஸ், ஒருமுறை ஃபைல் சிஸ்டம், ஒருமுறை ஒன்றுமே சொல்லாத கெர்னல் பெயர். இப்படிக் குற்றவாளி மாறிக்கொண்டே இருந்தால் என் சந்தேகம் நேராக ரேமுக்குத்தான் போகும். இரண்டு ஸ்டிக்கில் ஒன்று கெட்டிருந்தது. வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள், காசு எதுவும் ஆகவில்லை. ஃபார்மேட்டுக்குக் கொடுத்த பணமும் அந்த ஃபான்ட்டுகளும்தான் திரும்பி வரவில்லை.

ஸ்டாப் கோடை வைத்துக் காரணத்தைச் சொல்லிவிட முடியுமா?

திசை தெரியும், தீர்ப்பு சொல்ல முடியாது. அடிக்கடி வருகிறவற்றைச் சொல்கிறேன்.

'மெமரி மேனேஜ்மென்ட்', 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா' இரண்டும் வந்தால் ரேமை முதலில் சோதியுங்கள். ஆனால் இரண்டாவது கோடு மோசமான டிரைவராலும் வரும். மேலே சொன்ன கிரவுட்ஸ்ட்ரைக் சம்பவத்தில் வந்ததும் அதேதான். 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்' என்பது பெரும்பாலும் டிரைவர். அதன் முன்னால் 'டிரைவர்' என்ற சொல்லும் சேர்ந்து வந்தால் ஃபைல் பெயரும் கூடவே கிடைக்க வாய்ப்பு அதிகம். 'வீடியோ டிடிஆர் ஃபெய்லியர்' கிராஃபிக்ஸ் பக்கம் கை காட்டும். 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' வந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். டிஸ்க்கில் இருந்து படிக்க முடியவில்லை என்று பொருள். 'டபிள்யூஎச்இஏ அன்கரெக்டபிள் எரர்' என்றால் பிராசஸரே வன்பொருள் பிழையைக் கண்டு சொல்கிறது. ஓவர்கிளாக் (நிர்ணயித்ததை விட வேகமாக ஓட்டுவது), வோல்டேஜ், பிராசஸர், மதர்போர்டு என்று தேட வேண்டும். ஃபார்மேட்டால் இதற்குப் பலன் கிடைப்பது அபூர்வம்.

மினிடம்ப் ஃபைல் எங்கே இருக்கும்? எனக்கு அதைப் படிக்க வருமா?

வரும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு விபத்துக்கும் தேதியைப் பெயராகக் கொண்ட ஒரு சிறு ஃபைல் அதில் சேரும். அந்த ஃபைல்களை டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டருக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். இருந்த இடத்திலேயே திறந்தால் அனுமதி இல்லை என்று மறுக்கலாம்.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் டம்ப் ஃபைலைப் படிக்க உதவும் வின்டிபக் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் டம்ப் ஃபைலைத் திறந்து சற்றுப் பொறுத்தால் 'அனலைஸ்' என்று நீல எழுத்தில் ஓர் இணைப்பு வரும். அதைச் சொடுக்குங்கள். பக்கம் பக்கமாகக் கொட்டும், பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியவை மூன்றே வரிகள்: மேலே வரும் பக்செக் பெயர் (ஸ்டாப் கோடுதான்), 'பிராசஸ் நேம்', 'மாட்யூல் நேம்'. மாட்யூல் பெயர் என்வி என்று தொடங்கினால் என்விடியா, ஏஎம்டி என்று தொடங்கினால் ஏஎம்டி, ஆர்டி என்று தொடங்கினால் பெரும்பாலும் ரியல்டெக்கின் நெட்வொர்க் அல்லது ஆடியோ டிரைவர்.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. மாட்யூல் என்ற இடத்தில் கெர்னலின் சொந்தப் பெயரான என்டி மட்டும் வந்தால், "விண்டோஸ்தான் கெட்டுவிட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது விபத்து வெளிப்பட்ட இடத்தை மட்டுமே சொல்கிறது. ஒரு டிரைவர் அடுத்தவர் மெமரியில் கை வைத்துவிட்டுப் போயிருக்கும். பிறகு அந்த இடத்தைத் தொட்டு விழுவது கெர்னலாக இருக்கும். ஒரே ஒரு டம்ப்பை நம்பாதீர்கள். நான்கைந்து சேரட்டும். எல்லாவற்றிலும் ஒரே டிரைவர் வந்தால் அதைப் பிடியுங்கள். ஆளுக்கொரு பெயர் வந்தால் வன்பொருளைப் பாருங்கள்.

அந்த ஃபோல்டர் காலியாக இருக்கிறதே?

அதுவும் ஒரு தடயம். குப்பை துடைக்கும் கிளீனர் மென்பொருள் அழித்திருக்கலாம், ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் விண்டோஸ் வைத்திருக்கும் பேஜ்ஃபைலை யாராவது ஆஃப் செய்திருக்கலாம். இரண்டும் இல்லை என்றால் எஸ்எஸ்டியைச் சந்தேகியுங்கள். விழும் நேரத்தில் எஸ்எஸ்டியே தொடர்பு அறுந்துபோனால் டம்ப்பை எழுத இடம் இருக்காது.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 'சிஸ்டம்' பகுதியையும் பாருங்கள். கெர்னல்-பவர் 41 என்ற பதிவைக் கண்டதும் பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று பலர் எஸ்எம்பிஎஸ் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பதிவுக்குப் பொருள், "கடந்த முறை முறையாக அணையவில்லை" என்பது மட்டுமே. அதன் விவரத்தில் பக்செக் கோடு 0 என்று இருந்தால், புளூ ஸ்கிரீன் பதிவாகாமலே கரன்ட் போயிருக்கிறது அல்லது சிஸ்டம் உறைந்து போயிருக்கிறது. அப்போது மின்சாரப் பக்கம் பார்ப்பதில் நியாயம் உண்டு. 0 அல்லாத எண் இருந்தால் புளூ ஸ்கிரீன்தான்.

ரேமை எப்படிச் சரியாகச் சோதிப்பது?

சோதிப்பதற்கு முன் பயாஸில் (மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரை) ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை ஆஃப் செய்யுங்கள். அட்டையில் 3600 என்று போட்டிருக்கும் டிடிஆர்4 ரேம், அந்த அமைப்பு இல்லாவிட்டால் 2133, 2400, 2666 போன்ற வேகத்தில்தான் ஓடும். அதற்கு மேல் ஓட்டுவது ஓவர்கிளாக் கணக்கில் சேரும். எல்லா மதர்போர்டும் எல்லா பிராசஸரும் அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதை ஆஃப் செய்த பிறகு புளூ ஸ்கிரீன் நின்றுவிட்டால் ரேம் ஸ்டிக் நல்லதாகவே இருக்கலாம், வேகம்தான் ஒத்துவரவில்லை.

விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் பிழை காட்டினால் அதை நம்புங்கள். "பிழை இல்லை" என்று சொன்னால் முழுக்க நம்பாதீர்கள். அது தவறவிடுவது உண்டு. மெம்டெஸ்ட்86 என்ற இலவசக் கருவியைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் சிவப்பு வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. "ஆயிரக்கணக்கில் ஒன்றுதானே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இதில் இடமே இல்லை. ரேமில் அனுமதிக்கப்பட்ட பிழை எண்ணிக்கை சுழியம்.

பிழை வந்தால் ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் வைத்துச் சோதியுங்கள், பிறகு மற்றதை. இரண்டு ஸ்டிக்கும் ஒரு ஸ்லாட்டில் பிழை காட்டி இன்னொரு ஸ்லாட்டில் காட்டாமல் இருந்தால், கோளாறு ஸ்லாட்டில் அல்லது பிராசஸர் சாக்கெட்டில். இரண்டு ஸ்டிக் போடும்போது, நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரில் இருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். வேறு கம்பெனி ஸ்டிக் ஒன்றைப் புதிதாகச் சேர்த்த நாளில் இருந்து பிரச்சினை என்றால் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள்.

ரேமை ஈரேசரால் துடைக்கலாமா?

நம் ஊர் சர்வீஸ் மேசைகளில் எல்லாம் ஒரு வெள்ளை ரப்பர் கிடக்கும். அது வேலை செய்யும் என்பதும் உண்மைதான். கடற்கரை ஊர்களிலும் ஈரப்பதம் அதிகமுள்ள அறைகளிலும் ரேமின் பொன்னிறப் பற்களில் மெல்லிய படிவு சேர்ந்து தொடர்பு கெடும். கழற்றித் துடைத்து மாட்டினாலே சரியாகிவிடும் சிஸ்டங்கள் நிறைய. ஆனால் அந்தப் பொன் பூச்சு மிக மெலிது. மாதம் ஒருமுறை தேய்த்தால் பூச்சே போய்விடும். முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை இழை உதிராத துணியில் தொட்டுத் துடையுங்கள். அது கைவசம் இல்லை என்றால் மட்டும் மென்மையான ரப்பர், ஒரே திசையில், அழுத்தாமல். துகள் ஒன்றுகூட ஸ்லாட்டுக்குள் விழக் கூடாது.

கை வைப்பதற்கு முன் பவர் கார்டைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிக்கொள்ளுங்கள். மாட்டும்போது 'கிளிக்' சத்தம் கேட்க வேண்டும். பாதி உட்கார்ந்த ரேமால் வந்த புளூ ஸ்கிரீன்களும் உண்டு.

கேம் விளையாடும்போதும் வீடியோ ரெண்டர் போடும்போதும் மட்டும் வருகிறது. வெப்பமா?

வெப்பம்தான் என்று உடனே சொல்லிவிட முடியாது. இன்றைய பிராசஸர்கள் சூடு ஏறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் சட்டென்று அணைந்துவிடும். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். பிராசஸர் 95, 100 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்றால் ஃபேனைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றுங்கள்.

அடுத்தது கிராஃபிக்ஸ் டிரைவர். கிராஃபிக்ஸ் கார்டு 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை ரீசெட் செய்யப் பார்க்கும். அது முடியாதபோதுதான் மேலே சொன்ன 'வீடியோ டிடிஆர் ஃபெய்லியர்' கோடு வரும். டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற கருவியை, அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் ஓடும் சேஃப் மோடில் ஓட்டிப் பழைய டிரைவரை முழுக்க நீக்கிவிட்டு, கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் இருந்து புதியதைப் போடுங்கள். புதியதில்தான் தொல்லை என்றால் இரண்டு மூன்று பதிப்பு பின்னால் போங்கள்.

இதற்கும் மசியாவிட்டால் எஸ்எம்பிஎஸ். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிவிட்டுக் கேபினெட்டோடு வந்த மலிவு எஸ்எம்பிஎஸ்ஸிலேயே ஓட்டுவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். இதைச் சோதிக்க நம்பகமான வழி, தெரிந்தவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான்.

என்னுடையது இன்டெல் 13ஆம் தலைமுறை. தனியாக எதையாவது பார்க்க வேண்டுமா?

கட்டாயம். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில், தேவைக்கு மேல் வோல்டேஜ் போய்ப் பிராசஸரே நாளடைவில் தேய்ந்துபோகும் கோளாறு இருந்தது. 2024இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, அந்த ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோடு (பிராசஸருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. அவை மதர்போர்டு பயாஸ் அப்டேட் வழியாக வரும். கேம் தொடங்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்ற பொய்ச் செய்தி, பெரிய ஜிப் ஃபைலை விரிக்கும்போது பிழை, கூடவே புளூ ஸ்கிரீன் என்று சேர்ந்து வந்தால் இதை நினையுங்கள்.

பயாஸ் அப்டேட் இனிமேல் தேயாமல் காக்கும். ஏற்கெனவே தேய்ந்ததைச் சரியாக்காது. அப்படிப்பட்ட பிராசஸரை மாற்றத்தான் வேண்டும். பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் வாரண்டியை 2 ஆண்டுகள் நீட்டித்திருக்கிறது. பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.

எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியைத் திறங்கள். மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் முதல் வேலை பேக்கப். நீலமாக இருந்தாலும், சாட்டா டிஸ்க் (கேபிள் வழியாக மதர்போர்டில் மாட்டுவது) என்றால் 'சிஆர்சி எரர் கவுன்ட்' என்ற வரியைப் பாருங்கள். அந்த எண் நாளுக்கு நாள் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். சில நூறு ரூபாயில் முடியும் வேலைக்கு டிஸ்க்கையே மாற்றச் சொல்பவர்கள் உண்டு.

பேக்கப் எடுக்காமல் டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை முழு ஸ்கேனில் ஓடவிடாதீர்கள். சாகும் நிலையில் இருக்கும் டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் அது படிக்கும். ஃபைல்களை மீட்கக் கிடைத்த கடைசி வாய்ப்பு அதிலேயே போய்விடலாம்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஆரம்பித்தது. என்ன செய்யலாம்?

ஸ்டார்ட்டில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடித் திறங்கள். எந்த நாளில் எது இன்ஸ்டால் ஆனது, எந்த நாளில் இருந்து சிவப்பு அடையாளம் தொடங்கியது என்று காலண்டர் போலக் காட்டும். இவ்வளவு பயனுள்ள பக்கத்தை விண்டோஸ் ஏன் இவ்வளவு ஆழத்தில் வைத்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வருத்தம். சந்தேகத்துக்குரிய டிரைவரை டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக்' செய்யுங்கள். அப்டேட் என்றால் அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

சிஸ்டம் ஃபைல்கள் கெட்டிருக்கலாம் என்று தோன்றினால் விண்டோஸின் பழுது நீக்கும் கட்டளைகளை முதலில் டிஸ்ம், அடுத்து எஸ்எஃப்சி என்ற வரிசையில் ஓட்டுங்கள். எஸ்எஃப்சி நல்ல ஃபைலை எடுக்கும் களஞ்சியத்தையே டிஸ்ம்தான் சரி செய்கிறது.

ஷட் டவுன் செய்து ஆன் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் கெர்னல் புதிதாகத் தொடங்காது. ரீஸ்டார்ட் கொடுங்கள்.

டிரைவர் அப்டேட்டர் மென்பொருள் போடலாமா?

வேண்டாம். டிரைவரை மதர்போர்டு அல்லது கார்டு நிறுவனத்தின் தளத்திலோ விண்டோஸ் அப்டேட்டிலோ மட்டும் எடுங்கள்.

விண்டோஸுக்குள் போகவே முடியவில்லை, லோகோ வரும்போதே விழுகிறது.

லோகோ தெரியும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் மீட்புத் திரை தானாக வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்து, 4 என்ற எண்ணை அழுத்தினால் சேஃப் மோடு. சேஃப் மோடில் மணிக்கணக்கில் விழாமல் ஓடினால் டிரைவர் மீது சந்தேகம் வலுக்கிறது. அங்கேயும் விழுந்தால் வன்பொருளைப் பாருங்கள்.

வழியில் பிட்லாக்கர் கீ (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியின் சாவி எண்) கேட்கலாம். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனில் அந்தக் கணக்கைத் திறந்து பாருங்கள். பயாஸ் அப்டேட் செய்யும் முன்பும் இந்தக் கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யூபிஎஸ் இல்லாமல் பயாஸ் அப்டேட்டைத் தொடவே தொடாதீர்கள். நடுவில் கரன்ட் போனால் போர்டே எழாமல் போகலாம்.

டிரைவர் வெரிஃபையர் என்று ஒன்று சொல்கிறார்களே?

எந்த டிரைவர் என்று வேறு எந்த வழியிலும் தெரியாதபோது பயன்படும். டிரைவர்களைக் கடுமையாகச் சோதித்து, தப்புச் செய்வதைக் கையும் களவுமாகப் பிடித்து, வேண்டுமென்றே புளூ ஸ்கிரீன் வரவைக்கும். சிஸ்டம் மந்தமாகும், பூட் ஆகாமலும் போகலாம். சேஃப் மோடுக்குப் போய் அதை ரீசெட் செய்யத் தெரிந்த பிறகே தொடங்குங்கள். மைக்ரோசாஃப்ட் டிரைவர்களை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

சரியாகிவிட்டது என்று எப்போது நம்புவது?

அது வழக்கமாக எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது என்று பாருங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை வந்திருந்தால், இரண்டு நாள் வராததில் அர்த்தமில்லை. இரண்டு வாரமாவது ஓடட்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். ரேமை மாற்றி, டிரைவரைப் புதுப்பித்து, விண்டோஸையும் புதிதாகப் போட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால், பிரச்சினை நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. அடுத்த முறை வரும்போது மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

கடைக்கே கொண்டு போகிறேன். என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

போனில் எடுத்த படங்கள், மினிடம்ப் ஃபோல்டரின் நகல், நீங்கள் செய்த மாற்றங்கள் எழுதிய தாள், பில், வாரண்டி கார்டு. உங்கள் ஃபைல்களுக்கு ஒரு பேக்கப் வீட்டில் இருக்கட்டும். "என்னைக் கேட்காமல் ஃபார்மேட் போட வேண்டாம்" என்று வாயால் சொல்வதோடு, வேலைச் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். ஏதாவது பாகம் மாற்றினால் அதன் பெயர், மாடல், எதனால் அதுதான் பழுது என்று முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள். பழைய பாகத்தைத் திரும்ப வாங்குங்கள். வாரண்டிக்குப் போக வேண்டியதாக இருந்தால், ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை அங்கேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.